சவுக்கில் கிளை கழிக்கும் கணக்கு

(செம்மங்குப்பத்தில் சவுக்கு பயிரிடுவோரும் வெட்டு வேலை செய்வோரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மரம் நடுவதைப் பற்றிப் பேச நாட்டில் மேடைகளுக்குக் குறைவில்லை. நட்ட மரத்தை வெட்டுவதைப் பற்றிப் பேச மேடை கிடைப்பது அபூர்வம். வெட்டிச் சாய்த்த மரத்தில் கிளை கழிப்பது பற்றி ஒரு மணி நேரம் பேசுங்கள் என்று நீங்கள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. சவுக்குத் தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: மரத்தை அடியில் வெட்டிச் சாய்ப்பது சில நிமிட வேலை. அதற்குப் பிறகுதான் பாடு. கிளை கழிக்க வேண்டும், கொண்டையை ஒடிக்க வேண்டும், அளவுக்குத் துண்டு போட வேண்டும், கேட்டால் பட்டை உரிக்க வேண்டும், மணலில் கால் புதையச் சுமந்து லாரி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். கூலியின் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. ஆள் கிடைக்காமல் வேலை நிற்பதும் இங்கேதான். இந்தப் பக்கத்து இளைஞர்கள் சிப்காட்டுக்கும் நெய்வேலிக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். வெட்டுக்கத்தியோடு குனிந்து நிற்பவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது.

அதனால் கேள்வி நியாயமானது. சின்ன மரத்தில் கிளையை எப்படி வேகமாகக் கழிப்பது?

கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை கடலோரமாக ஓடும் இந்த மணல் பூமிக்கு விறகுப் பசி பழையது. 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பு உருக்கும் ஆலை வைத்தார். சேலத்துத் தாதுக் கல்லை உருக்க அவர் நம்பியிருந்தது நிலக்கரியை அல்ல, மரக்கரியை. காட்டை அழித்துக் கரி சுட்டுக் கட்டுப்படியாகாமல் அந்த ஆலை தள்ளாடி, அந்த நூற்றாண்டு முடிவதற்கு வெகு முன்பே மூடப்பட்டது. பிறகு ரயில் வந்தது. ஆரம்ப கால ரயில் எஞ்சின்கள் விறகில் ஓடின. அந்த விறகுக்காகத்தான் 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கடற்கரை மணலில் சவுக்கைப் பெரிய அளவில் நட்டார்கள். எஞ்சின்கள் நிலக்கரிக்கு மாறின, சவுக்கு நம்மோடு தங்கிவிட்டது. அடுப்புக்கு விறகானது, கொட்டகைக்குக் கால் ஆனது, கட்டடத்துக்குச் சாரமானது, கான்கிரீட் தளத்துக்கு முட்டு ஆனது. இப்போது பெரிய வாங்குபவர்களாகக் காகித ஆலைகள் இருக்கின்றன. கரூர் காகிதபுரத்துத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979இல் தொடங்கியபோது கரும்புச் சக்கையை நம்பித் தொடங்கியது. இன்று அதற்கு மரமும் வேண்டும். பள்ளிபாளையத்து சேஷசாயி ஆலைக்கும் வேண்டும். ஆக, விறகுக்கு வெட்டிய காலத்தில் கிளையும் விறகுதான், யாரும் கவலைப்படவில்லை. காகித ஆலைக்கும் சாரத்துக்கும் போகும் மரத்தில் கிளை இருக்கக் கூடாது, கிளையின் முண்டும் துருத்திக்கொண்டு இருக்கக் கூடாது. முண்டு இருந்தால் பட்டை உரிக்கும் இயந்திரத்தில் சிக்கும், லாரியில் அடுக்கும்போது இடத்தைத் தின்னும், தோளில் சுமப்பவரின் சதையைக் கிழிக்கும்.

அடுத்து ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சவுக்கைப் பார்ப்பவர்கள் அதைப் பைன் மாதிரி ஊசியிலை மரம் என்று நினைக்கிறார்கள். கொடைக்கானலில் பைன் காட்டைப் பார்த்துவிட்டு, "இது எங்க ஊர்ச் சவுக்குதானே" என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சவுக்கு பூக்கும் தாவரம். நாம் இலை என்று நினைக்கும் அந்தப் பச்சை ஊசி உண்மையில் மெல்லிய குச்சி. அதை இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வரும்; ஒவ்வொரு கணுவிலும் பல்லுப் பல்லாக இருக்கிறதே, அதுதான் இலை. நாட்டுச் சவுக்கில் ஒரு கணுவில் ஏழு எட்டுப் பற்கள் இருக்கும். ஜுங்குனியானா என்ற இன்னொரு சவுக்கு இனத்தில் அதைவிடக் கூடுதல். நாற்று விற்பவர் எதைத் தருகிறார் என்று சந்தேகம் வந்தால் ஒரு குச்சியைக் கழற்றி, கண்ணாடி வைத்து எண்ணிப் பாருங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உலகத்தில் கிளை கழிக்கும் இயந்திரங்களில் பெரும்பாலானவை பைனுக்கும் ஸ்புரூஸுக்கும் செய்தவை. அவை மென்மரங்கள். பைனில் கிளை வட்டம் வட்டமாக, ஒரே உயரத்தில் ஐந்தாறு சேர்ந்து வரும். இரண்டு வட்டத்துக்கு நடுவே தண்டு வழுவழுப்பாக இருக்கும். சவுக்கில் கிளை அடியிலிருந்து நுனி வரை சுற்றிச் சுற்றி, இடைவிடாமல் வரும். கட்டையோ இரும்பு மாதிரி, நம் ஊரில் கிடைக்கும் விறகுகளிலேயே கனமானவற்றில் ஒன்று. பச்சைக் கிளை ஒடியாது, வளையும். ஆகவே வெளிநாட்டில் ஒரு மிஷின் நன்றாக ஓடுகிறது என்ற படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அதை வரவழைக்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் அந்தப் படத்தில் இருப்பது என்ன மரம் என்று பார்க்க வேண்டும்.

இனி கணக்கு. ஜெர்மானிய வனத்துறையினர் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள்: மரம் சின்னதாக ஆக ஆக, டன்னுக்கு ஆகும் செலவு ஏறும். ஒரு மரத்தைத் தொட்டு, திருப்பி, கழித்து, தள்ளிவைக்க ஆகும் நேரம் மரத்தின் எடையைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. பத்துக் கிலோ மரத்துக்கும் குனிய வேண்டும், இருபது கிலோ மரத்துக்கும் குனிய வேண்டும்.

நம் தோப்புக்கே இதைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 மரம். பட்டுப்போனது போக 3,200 நிற்கிறது என்று வையுங்கள். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நட்டால் 1,800. அதில் 1,600 நிற்கிறது. இரண்டு தோப்பிலும் 40 டன் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் தோப்பில் ஒரு டன் சேர்க்க 80 மரத்தைக் கழிக்க வேண்டும். இரண்டாவதில் 40 மரம் போதும். ஒரு மரத்துக்கு மூன்று நிமிடம் என்றால் முதல் தோப்பில் டன்னுக்கு 4 மணி நேரம். இரண்டாவது தோப்பில் மரம் பெரிது, கிளை தடிப்பு, அதனால் நான்கு நிமிடம் என்று கூட்டிப் போட்டாலும் 2 மணி 40 நிமிடம். ஒரு ரூபாய் மிஷின் வாங்காமலேயே மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சம்.

"அப்படியானால் இடைவெளி விட்டு நட்டால் முடிந்ததா?" என்று கேட்பீர்கள். முடியவில்லை. நம் பெரியவர்கள் நெருக்கி நட்டது காரணம் இல்லாமல் அல்ல. நெருக்கமாக நின்றால் வெயில் உள்ளே இறங்காது. கீழ்க் கிளை வெளிச்சம் இல்லாமல் தானாகவே காய்ந்துபோகும். காய்ந்த சின்னக் கிளையைத் தடியால் தட்டினாலே உதிரும். தண்டும் நேராக மேலே போகும். இடைவெளி விட்டால் வெளிச்சம் இறங்கும், கீழ்க் கிளை சாகாது, கட்டைவிரல் தடிப்பு, மணிக்கட்டுத் தடிப்பு என்று கொழுத்துக்கொண்டே போகும். கிளையின் குறுக்களவு இரண்டு மடங்கானால் வெட்ட வேண்டிய கட்டை நான்கு மடங்கு. ஒரே வீச்சில் போகும் கிளைக்கும் நாலு வெட்டு வெட்ட வேண்டிய கிளைக்கும் வித்தியாசம் இவ்வளவுதான்: ஒரு சென்டிமீட்டர். ஆக, நெருக்கினால் மரம் அதிகம், விலக்கினால் கிளை தடிப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. விலக்கி நட்டு, இளசிலேயே கவாத்து பண்ணுவது.

நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். வெட்டுகிற நாளில் வேகம் வேண்டுமென்றால் அந்த வேலையின் பாதியை மூன்று வருஷம் முன்னாலேயே செய்து முடித்திருக்க வேண்டும். ஆறேழு மாதக் கன்றில் கிளை பென்சில் தடிப்பு. கத்திரியால் நறுக்கினால் போயிற்று. அதே கிளையை நாலாம் வருஷம் வரை விட்டுவைத்தால் கத்தியும் மழுங்கும், கையும் ஓயும். அந்தக் கிளைக்கு உரமும் தண்ணீரும் கொடுத்து வளர்த்ததும் நாம்தான்!

கவாத்தில் இரண்டு தவறு இந்தப் பக்கம் அதிகம் நடக்கிறது. ஒன்று, ஆசை அதிகமாகி மொட்டையடிப்பது. பச்சைக் குச்சிதான் மரத்துக்குச் சமையல்கட்டு. அதை எடுத்துவிட்டால் மரம் பருக்காது, நுனிக்கனம் கொண்டு காற்றில் வளையும். மரத்தின் உயரத்தில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் கழிக்காதீர்கள். முதல் வருஷம் ஒரு தடவை, இரண்டாம் வருஷம் ஒரு தடவை, அவ்வளவு போதும். இரண்டாவது தவறு, கையால் கிழிப்பது. சின்னக் கிளைதானே என்று பிடித்துக் கீழே இழுத்தால், தண்டின் பட்டையில் ஒரு நாடாவும் சேர்ந்து வந்துவிடும். பட்டையை அரிக்கும் புழுவுக்கும், பட்டை கொப்பளித்து மரம் காயும் அந்தப் பூஞ்சண நோய்க்கும் அதுதான் வாசல். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சின்னதாக ஒரு வளையம் புடைத்திருக்கும். அதற்கு வெளியே, முண்டு விடாமல் நறுக்க வேண்டும். அடைமழைக் காலத்தில் கவாத்து வேண்டாம். இப்போது பேட்டரியில் ஓடும் கத்திரி கடைகளில் கிடைக்கிறது. இரண்டு விரல் தடிப்பு வரை கடித்துவிடும். என்னைக் கேட்டால் சவுக்கு விவசாயி வாங்க வேண்டிய முதல் மிஷின் அதுதான். மரம் அறுக்கும் மிஷின் அதற்குப் பிறகு.

நாற்றையும் மறந்துவிடக் கூடாது. விதையில் வந்த பழைய சவுக்கில் பத்து மரத்துக்குப் பத்துக் குணம். ஒன்று நேராகப் போகும், பக்கத்தில் நிற்பது கவையாகப் பிரியும். கோவையில் இருக்கும் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம், 1988இல் தொடங்கியது, நாட்டுச் சவுக்கையும் ஜுங்குனியானாவையும் கலந்து சி.எச்.-1, சி.எச்.-5 என்று குளோன்களைக் கொடுத்தது. இந்தக் கடற்கரையில் அவை பரவியதற்கு வளர்ச்சி வேகம் முதல் காரணமாக இருக்கலாம். வெட்டுகிறவர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள்: தண்டு நேர், எல்லா மரமும் ஒரே அளவு. கத்தி ஒரே தாளத்தில் ஓடும். அதே நிறுவனம் காற்றுத் தடுப்புக்கென்று, வாழைத் தோட்டத்தைச் சுற்றி நடுவதற்கென்று, கிளை அடர்ந்து நிற்கும் குளோன்களையும் வெளியிட்டது. அவற்றை விவரம் தெரியாமல் வாங்கிக் கம்புக்கு நட்டால் கழிக்கிறவர்கள் உங்களைச் சபிப்பார்கள். நாற்று வாங்கும்போது என்ன வேலைக்கு நடுகிறோம் என்று சொல்லி வாங்குங்கள்.

இப்போது வெட்டுகிற நாளுக்கு வருவோம். பெரும்பாலான தோப்புகளில் நான் பார்க்கும் காட்சி, மரம் விழுந்த இடத்தில், விழுந்த திசையில், தரையோடு தரையாகக் கிடக்கிறது. பெண்கள் இடுப்பை இரண்டாக மடித்து நின்று கழிக்கிறார்கள். இதில் மூன்று வகையில் நேரம் வீணாகிறது. குனிந்து நிமிர்வது ஒன்று. மரத்தின் கீழ்ப்புறக் கிளைக்காக மரத்தைப் புரட்டுவது ஒன்று. கத்தி மணலில் பட்டு மழுங்கி, அதைத் தீட்டப் போவது ஒன்று. மூன்றுக்கும் மருந்து ஒன்றே: மரம் தரையில் படக் கூடாது.

ஸ்வீடன், நார்வே காட்டுத் தொழிலாளிகள் மிஷின் ரம்பம் வந்த காலத்தில் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் ஒன்றிரண்டு மரத்தைக் குறுக்காகச் சாய்த்து விட்டுவிடுவார்கள். அடுத்தடுத்த மரங்களை அவற்றின் மேல் விழும்படி சாய்ப்பார்கள். விழுந்த மரம் இடுப்பு உயரத்தில் நிற்கும், கழிப்பவர் நிமிர்ந்து நின்றபடியே வேலை செய்வார். நம் தோப்பில் வரிசை நேராக இருக்கிறது. இதைச் செய்வது அவர்களைவிட நமக்கு எளிது. வரிசையின் ஓரத்தில் இரண்டு மரத்தை அடுக்கி மேடை மாதிரி விடுங்கள். அல்லது பழைய சவுக்குக் கம்பையே பெருக்கல் குறி போலக் கட்டி இரண்டு கவைக்கால் செய்துகொள்ளுங்கள். கயிறும் நாலு கம்பும் போதும். சாய்க்கும்போது எல்லா மரத்தின் நுனியும் ஒரே பக்கம் கிடக்க வேண்டும். காற்று அடிக்கும் திசைக்கு எதிராகச் சாய்க்கப் பார்த்து, பாதி மரம் இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக விழுந்துவிட்டால், பிறகு கிளையோடு கிளை பின்னி அதைப் பிரிக்கவே அரை நாள்.

கத்தி ஓட வேண்டிய திசை அடியிலிருந்து நுனிக்கு. கிளை எப்போதும் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அடிப்பக்கத்திலிருந்து வீசினால் கிளையின் புறமுதுகில் கத்தி இறங்கி, தண்டை ஒட்டிச் சீவிக்கொண்டு போகும். நுனிப்பக்கத்திலிருந்து வீசினால் கத்தி கவட்டில் மாட்டும், தண்டைப் பிளக்கும், முண்டு நிற்கும். அனுபவக்காரர்களுக்கு இது கையிலேயே இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அதேபோல் மரத்துக்கு ஒரு பக்கம் நின்று மறுபக்கக் கிளையைக் கழிக்க வேண்டும். நடுவில் தண்டு இருக்கிறது, கத்தி வழுக்கினால் அது தாங்கும். நின்ற பக்கத்துக் கிளையையே கழித்தால் வழுக்கின கத்திக்கு முன்னால் இருப்பது உங்கள் இடது கால்.

மரம் அறுக்கும் மிஷினால் கிளை கழிக்கலாமா என்ற கேள்வியும் வந்திருக்கிறது. ஜெர்மனியில் ஆந்த்ரேயாஸ் ஸ்டீல் என்பவர் 1926இல் மின்சாரத்திலும் 1929இல் பெட்ரோலிலும் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். அது சாய்ப்பதற்கும் துண்டு போடுவதற்கும் நிகரில்லாத கருவி. கிளை விஷயத்தில் என் தீர்ப்பு வேறு. விரல் தடிப்புக்கு உட்பட்ட சவுக்குக் குச்சியை ஓடும் சங்கிலியில் காட்டினால் அது அறுபடாமல் சங்கிலியோடு சுற்றிக்கொண்டு முகத்தில் அடிக்கும். வாளின் மூக்கு நுனி மேல்பாகத்தில் ஒரு கிளை பட்டால் மிஷின் கண் இமைக்கும் நேரத்தில் பின்னோக்கி எகிறும். கிளை நெருங்கி நிற்கும் மரத்தில் மூக்கு நுனி எதில் படுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே விரல் தடிப்பு வரை கத்தி, அதற்கு மேல் மிஷின். மிஷின் பிடிப்பவர் லுங்கியும் ரப்பர் செருப்புமாக நிற்பதை இந்த ஊர் இனி அனுமதிக்கக் கூடாது. கால்சட்டை, பூட்ஸ், கண்ணாடி. இதில் சமாதானம் பேச இடமில்லை.

பெரிய இயந்திரங்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இளைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஸ்காண்டிநேவியக் காடுகளில் இன்று மனிதன் மரத்தைத் தொடுவதே இல்லை. ஒரு வண்டியின் நீண்ட கை மரத்தை அடியில் பிடித்து அறுக்கும். அதே கையில் இருக்கும் உருளைகள் மரத்தை நொடிக்கு நாலைந்து மீட்டர் வேகத்தில் இழுக்க, வளைந்த கத்திகள் தண்டைத் தழுவிக்கொண்டு கிளையை வழித்துவிடும். தென்னாப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் யூகலிப்டஸ் தோப்புகளில் இதே மாதிரித் தலையை வைத்து மரத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பட்டையையும் சேர்த்தே உரிக்கிறார்கள். விலை கோடிகளில். வண்டி எடை பதினைந்து, இருபது டன். ஒரு ஏக்கர், அரை ஏக்கர் என்று வரப்பு போட்டுப் பிரித்த நம் நிலத்தில் அது திரும்பவே இடம் போதாது. வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு பெரிய மிஷின் வைத்திருப்பவர்களுக்கும் சின்ன மரம் தலைவலிதான். அவர்கள் காட்டில் முதல் தடவை கலைத்துவிடும்போது வருவது நம் சவுக்கு அளவு மரங்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்தால் டீசலுக்குக் கட்டாது என்று, மூன்று நான்கு மரத்தைச் சேர்த்துப் பிடிக்கும் தலைகளைச் செய்தார்கள். சின்ன மரத்தில் வேகம் என்றால் கூட்டமாகக் கையாள்வது என்பதற்கு அவர்களே சாட்சி.

அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் பைன் வெட்டுபவர்கள் இன்னும் மலிவாக ஒன்று செய்தார்கள். கனமான இரும்புக் கம்பிச் சட்டம், ஜன்னல் கிராதி மாதிரி, இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவே நிறுத்திவைப்பார்கள். வண்டி ஒரு கட்டு மரத்தைப் பின்னோக்கித் தள்ளிக் கிராதிக்குள் நுழைக்கும். கிளைகள் மடமடவென்று ஒடியும். பைன் கிளை ஒடியும், அதனால் நடக்கிறது. பச்சைச் சவுக்குக் கிளை வளைந்து கொடுத்து உள்ளே போய்விட்டு, மறுபக்கம் நிமிர்ந்து நிற்கும். இன்னொன்று, 1980களில் அங்கே பரவிய சங்கிலிச் சாட்டை இயந்திரம். சுழலும் உருளையில் இரும்புச் சங்கிலித் துண்டுகள் தொங்கும். அவை நாலைந்து மரத்தை ஒரே சமயத்தில் அடித்துக் கிளையையும் பட்டையையும் சேர்த்தே நொறுக்கிவிடும். காகித ஆலைக்கு நேரடியாகச் சீவல் அனுப்ப அது நல்லது. சாரக் கம்புக்கு உதவாது, நுனி சிதைந்துபோகும்.

என் கண்ணுக்கு நமக்குப் பொருந்துவது எது? டிராக்டரின் பின்னால் பூட்டி, மரத்தை வளையக் கத்திகளுக்கு நடுவே இழுத்து எடுக்கும் சிறிய கருவி. இந்த ஜாதிக் கருவிகள் ஐரோப்பாவில் சிறு விவசாயிகளிடம் இருக்கின்றன. பட்டை உரிக்கும் டிராக்டர் இயந்திரங்கள் நம் மாநிலத்துக்கு வந்துவிட்டன. இதைச் செய்வதும் நம் பட்டறைக்காரர்களுக்கு முடியாத காரியம் இல்லை. கடினக் கட்டைக்கு ஏற்ற எஃகும், தண்டு சிறுத்துக்கொண்டே போகும்போது கூடவே இறுகும் சுருள்வில்லும் தேவை. ஆனால் ஒன்றைக் கேளுங்கள்: அந்தக் கருவியின் வாய்க்கு மரம் வந்து சேர வேண்டும், டிராக்டர் தோப்புக்குள் போக வேண்டும். ஒரு மீட்டர் இடைவெளித் தோப்பில் டிராக்டர் எங்கே போகும்?

வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கே வேகம் கூடாது என்றும் சொல்ல வேண்டும். கழித்த கிளையை, அதாவது மிலாரை, அன்றைக்கே கட்டி ஏற்றிவிடுகிறார்கள். வீட்டுக்கு வீடு கேஸ் வந்த பிறகு மிலாருக்கு முன்போல் கிராக்கி இல்லை. இருந்தும் பழக்கம் விடவில்லை. சவுக்கின் வேரில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் முடிச்சுப் போட்டுத் தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுத்துத் தருகிறது. சாம்பல் சத்தையும் சுண்ணாம்பையும் அது தராது. அவை மண்ணிலிருந்துதான் வர வேண்டும், அவற்றில் நிறைய அந்தப் பச்சை ஊசியில்தான் இருக்கிறது. இந்த வெறும் மணலில் ஊசியையும் வண்டி ஏற்றினால் அடுத்த நடவுக்கு மூட்டையில் வாங்கிப் போட வேண்டும். மிலாரை நிலத்திலேயே பரப்பி, ஊசி உதிரும் வரை விட்டுவிட்டு, பிறகு குச்சியை மட்டும் எடுங்கள்.

தண்டுக்கு அந்தப் பொறுமை ஆகாது. கிளையோடு மரத்தைச் சாய்த்துப் போட்டுவிட்டால் இலை தண்டிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். விறகுக்கு அது நல்ல உத்தி. எடைபோட்டு விற்பவருக்கு நஷ்டம். ஈரம் போனால் பட்டையும் கட்டையோடு இறுகிக்கொள்ளும், பிறகு உரிக்க இரட்டைப் பாடு. வெட்டிய அன்று உரிந்து வரும் பட்டை, ஒரு வாரம் போனால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். லாரி என்றைக்கு வரும் என்று உறுதியாகத் தெரியாமல் தோப்பில் கத்தி வைக்காதீர்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் போன மாதிரி இங்கே சவுக்கு போனது. சாய்ந்த தோப்பில் கிளை கழிப்பது தனி வித்தை. மேலே சொன்ன எதுவும் அங்கே செல்லாது. மரம் மேல் மரம் வில்லாக வளைந்து அழுத்திக்கொண்டிருக்கும். எந்தக் கிளை முட்டுக் கொடுத்து நிற்கிறது, எது விறைத்து நிற்கிறது என்று தெரியாமல் வெட்டினால் அது எகிறி ஆளைத் தூக்கும். அங்கே அவசரப்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புயல் மரத்தை மேலே கிடப்பதிலிருந்து தொடங்கி, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தை இறக்கி எடுக்க வேண்டும். வளைவின் உள்பக்கத்தில் முதல் வெட்டுப் போட்டு, பிறகு வெளிப்பக்கம் வெட்ட வேண்டும். அந்த வேலைக்குக் கூலியை டன் கணக்கில் பேசாதீர்கள், நாள் கணக்கில் பேசுங்கள். டன் கணக்கு அவசரத்தைக் கொண்டுவரும்.

கழிக்கிற அக்காமார்களுக்காகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாய்க்கிறவருக்கு ஒரு கூலி, கழிக்கிறவருக்கு அதில் குறைவு என்பது இந்த வட்டாரத்து வழக்கம். லாரிக்குப் போகும் மரத்தின் விலையைத் தீர்மானிப்பது முண்டில்லாத தண்டு. அதைச் செய்வது யார் கை என்று பாருங்கள். ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிற தோப்புக்காரர்கள் இந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார்களா?

வரும் ஐப்பசி மழைக்கு நடப்போகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. ஆறு வரிசைக்கு ஒரு தடவை டிராக்டர் போகும் அகலத்துக்கு வழி விட்டு நடுங்கள். அந்த வழி பக்கத்துத் தோப்புக்காரரின் வழியோடு நேராகச் சேரும்படி வரப்பிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். கவாத்துக் கத்திரியைப் பத்துப் பேர் சேர்ந்து ஒன்றாக வாங்குங்கள். இழுத்துக் கழிக்கும் கருவியை எந்தப் பட்டறையாவது செய்துகொடுத்தால், அதை முதலில் ஓட்டிப் பார்க்க அந்த வழி இருக்கும்.